யார், யாரை, யாருக்கு: ஜெர்மன் படிக்கும் செவிலியர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள தங்கைகளே, தம்பிகளே,

சென்னையிலும் கோவையிலும் திருச்சியிலும் நாகர்கோவிலிலும் டியூட்டி முடித்த களைப்போடு ஜெர்மன் வகுப்புக்கு வந்து உட்காருகிறீர்கள். செவிலியர் படிப்பு முடித்தாயிற்று, வார்டு அனுபவமும் இருக்கிறது. ஜெர்மனியில் முழு அங்கீகாரம் பெற்ற செவிலியராக வேலை பார்க்கப் பெரும்பாலும் பி2 நிலை வரை மொழி தெரிந்திருக்க வேண்டும் என்பதால் இந்த உழைப்பு. ஏ1 வகுப்பில் வணக்கம், நன்றி, எண்கள் என்று உற்சாகமாகப் போகிறது. பிறகு பெயருக்கு முன் நிற்கும் ‘டேர், டீ, டஸ்’ என்ற முன்சொல் வருகிறது. அது டேன் ஆகிறது, டேம் ஆகிறது, டெஸ் ஆகிறது. அந்த இடத்தில்தான் உங்களில் பலர் தளர்ந்துபோவதை ஓர் ஆசிரியராகப் பார்த்துவருகிறேன்.

தமிழ்வழியில் படித்தவர்கள் கூடுதலாக ஒன்று சொல்கிறீர்கள்: “எனக்கு இங்கிலீஷே சரியா வராது, ஜெர்மன் எப்படி வரும்?” இந்த மடலை எழுதத் தூண்டியது அந்தக் கேள்விதான். ஜெர்மன் வேற்றுமையைப் புரிந்துகொள்ள ஆங்கிலம் உங்களுக்குத் தேவையில்லை. அந்த இடத்தில் ஆங்கிலத்தைவிடத் தமிழ்தான் உங்களுக்கு நெருங்கிய துணை. இதை ஆறுதலுக்காகச் சொல்லவில்லை. இலக்கணம் அப்படித்தான் அமைந்திருக்கிறது.

நமது வகுப்புகளில் இரண்டு வேலைகளை ஒன்றாகக் குழப்பிவிடுகிறோம். ஒன்று பால்: ஒரு பெயர்ச்சொல்லுக்கு டேரா, டீயா, டஸ்ஸா என்பது. மற்றொன்று வேற்றுமை: அந்தச் சொல் வாக்கியத்தில் என்ன வேலை பார்க்கிறது என்பது. முதலாவது தமிழருக்குப் புதிது, தனியாகக் கற்கத்தான் வேண்டும். இரண்டாவதை நீங்கள் பேசத் தொடங்கிய வயதிலிருந்தே பிழையின்றிச் செய்துவருகிறீர்கள். இரண்டும் ஒரே அட்டவணையில் பதினாறு கட்டங்களாக அச்சாகி வருவதால், எல்லாமே புதிது, எல்லாமே கடினம் என்று தோன்றிவிடுகிறது.

வேற்றுமையிலிருந்து தொடங்குகிறேன். பள்ளியில் ஐ, ஆல், கு, இன், அது, கண் என்று ஒப்பித்தது நினைவிருக்கும். எழுவாயும் விளியும் சேர்த்து எட்டு வேற்றுமை. தொல்காப்பியமும் நன்னூலும் சொல்லும் கணக்கு அது. ஜெர்மனில் நான்குதான். நோமினாட்டிஃப் என்பது எழுவாய். அக்குஸாட்டிஃப் நமது இரண்டாம் வேற்றுமை. டாட்டிஃப் நான்காம் வேற்றுமை. கெனிட்டிஃப் ஆறாம் வேற்றுமை. ஜெர்மானியப் பள்ளிப் பிள்ளைகளும் இவற்றைக் கேள்விச் சொற்களை வைத்தே கற்கிறார்கள்: வேர், வேன், வேம், வெஸ்ஸன். தமிழில் சொன்னால் யார், யாரை, யாருக்கு, யாருடைய. நான்குக்கு நான்கு அப்படியே பொருந்துகிறது. ஆங்கிலப் பேச்சிலோ ‘யார்’, ‘யாரை’ இரண்டுக்கும் இன்று பெரும்பாலும் ஒரே சொல்தான். ‘யாருக்கு’ என்பதற்கும் அதே சொல்லோடு ஒரு முன்னிடைச்சொல்லைச் சேர்த்துக்கொள்கிறார்கள். பழைய ஆங்கிலத்திலும் ஜெர்மனைப் போல மூன்று பாலும் வேற்றுமை உருபுகளும் இருந்தன. சில நூற்றாண்டுகளில் அவை பெரும்பாலும் உதிர்ந்துவிட்டன. அதனால்தான் ஆங்கிலத்தின் வழியாக விளக்கும் பாடநூல் ‘நேரடிச் செயப்படுபொருள்’, ‘மறைமுகச் செயப்படுபொருள்’ என்று சுற்றி வளைக்க வேண்டியிருக்கிறது. உங்களுக்கு அந்தச் சுற்று வழி எதற்கு?

அந்தக் கேள்விச் சொற்களின் ஈற்றொலியைக் கவனியுங்கள். வேர், வேன், வேம். ஆண்பால் முன்சொல்லும் டேர், டேன், டேம். ‘அவன்’ என்பதற்கு ஏர், ‘அவனை’ என்பதற்கு ஈன், ‘அவனுக்கு’ என்பதற்கு ஈம். ர், ன், ம். யார், யாரை, யாருக்கு. கேள்வியின் கடைசி ஒலி அப்படியே பதிலிலும் வந்து நிற்கிறது. ஆண்பாலுக்கு இந்த மூன்று ஒலியும் காதில் பதிந்துவிட்டால் அட்டவணையின் பாதிச் சுமை இறங்கிவிடும். ஏனென்றால் அக்குஸாட்டிஃபில் மாறுவது ஆண்பால் மட்டும்தான். டீ டீயாகவே நிற்கும், டஸ் டஸ்ஸாகவே நிற்கும்.

இப்போது வார்டுக்கு வாருங்கள். “இஹ் கேபெ டேம் பட்ஸியென்டென் டீ டப்லெட்டெ.” நான் நோயாளிக்கு மாத்திரையைக் கொடுக்கிறேன். யாருக்கு? நோயாளிக்கு: டேம் பட்ஸியென்டென். எதை? மாத்திரையை: டீ டப்லெட்டெ. இதையே ‘ஏனென்றால்’ என்ற பொருளில் வைல் போட்டுத் துணை வாக்கியமாக்கினால் வினை கடைசிக்குப் போய்விடும்: “வைல் இஹ் டேம் பட்ஸியென்டென் டீ டப்லெட்டெ கேபெ.” நான், நோயாளிக்கு, மாத்திரையை, கொடுப்பதால். சொல் வரிசை தமிழேதான். பி1 வகுப்பில் வினை ஏன் கடைசிக்குப் போகிறது என்று மற்ற மொழிக்காரர்கள் திகைக்கும்போது நீங்கள் திகைக்க வேண்டியதில்லை.

வேற்றுமை எதற்காக இருக்கிறது என்பதற்கும் ஓர் எடுத்துக்காட்டு. “டேன் பட்ஸியென்டென் ஹட் டேர் ஆர்ட்ஸ்ட் அன்கெரூஃபென்.” ஆங்கிலப் பழக்கத்தில் முதலில் வருபவர்தான் செய்பவர் என்று எடுத்துக்கொண்டால், நோயாளி மருத்துவரைத் தொலைபேசியில் அழைத்தார் என்று புரியும். அது தவறு. டேன் என்று இருக்கிறது, அதாவது நோயாளியை. நோயாளியை மருத்துவர் அழைத்தார். தமிழிலும் முன்பின்னாக மாற்றிச் சொன்னாலும் ‘ஐ’ உருபு நம்மைக் காப்பாற்றும். ஜெர்மனில் அந்தக் காவலைச் செய்வது பெரும்பாலும் முன்சொல். நாம் உருபைச் சொல்லின் வாலில் ஒட்டுகிறோம், அவர்கள் தலையில் வைக்கிறார்கள். அங்கே முன்சொல்லை விழுங்கிப் பேசுவது, நாம் ‘ஐ’யையும் ‘கு’வையும் விட்டுவிட்டுப் பேசுவதற்குச் சமம்.

நோயாளியின் படுக்கையருகே பேசும் ஜெர்மன் இன்னும் நெருக்கமானது. அவருக்குக் குளிர்கிறது என்றால் “மியர் இஸ்ட் கல்ட்” என்பார். மியர் என்பது ‘எனக்கு’. எனக்குக் குளிர்கிறது. “மியர் இஸ்ட் ஷ்விண்ட்லிஹ்”: எனக்குத் தலை சுற்றுகிறது. “மியர் இஸ்ட் ஊபெல்”: எனக்குக் குமட்டுகிறது. “மியர் டூட் டேர் ரூக்கென் வே”: எனக்கு முதுகு வலிக்கிறது. மருத்துவர் “வஸ் ஃபேல்ட் ஈனென்?” என்று கேட்பது, நம்மூர் மருத்துவர் “உங்களுக்கு என்ன பண்ணுது?” என்று கேட்பதுபோலத்தான். நலம் விசாரிக்கும் “வீ கேட் எஸ் ஈனென்?” என்பதிலும் ‘உங்களுக்கு’தான். ஆங்கிலத்தில் யோசித்து ‘நான்’ என்று தொடங்கி “இஹ் பின் கல்ட்” என்று சொன்னால், நான் இரக்கமற்ற ஆள் என்று சொல்வதுபோல ஒலிக்கும். தமிழில் யோசித்தவருக்கு அந்தப் பிழை வராது. உதவு, நன்றி சொல், பிடி, சொந்தமாக இரு: இவற்றுக்கான ஹெல்ஃபென், டங்கென், கெஃபலென், கெஹோரென் ஆகிய வினைகளை ‘டாட்டிஃப் வினைகள்’ என்று தனிப் பட்டியலாகத் தருவார்கள். தமிழில் சொல்லிப் பாருங்கள்: அவருக்கு உதவினேன், அவருக்கு நன்றி சொன்னேன், அவருக்குப் பிடித்திருக்கிறது, அது அவருக்குச் சொந்தம். எல்லாவற்றிலும் ‘கு’. நீங்கள் புதிதாகக் கற்க வேண்டியவை அந்த வினைச்சொற்கள் மட்டுமே.

அப்படியானால் மிட், ஔஸ், ஃபொன், பை போன்ற முன்னிடைச்சொற்களுக்குப் பிறகும் ஏன் டாட்டிஃப் வருகிறது? ‘மருத்துவரோடு’ மூன்றாம் வேற்றுமை ஆயிற்றே, ‘அறையிலிருந்து’ ஐந்தாம் வேற்றுமை ஆயிற்றே? நியாயமான கேள்வி. ஜெர்மனின் மூதாதை மொழியிலும் வடமொழியைப் போல எட்டு வேற்றுமைகள் இருந்தன என்பது மொழியியலாளர் கருத்து. காலப்போக்கில் கருவி, நீங்கல், இடம் ஆகிய பொருள்களைச் சொன்ன வேற்றுமைகள் தனி வடிவத்தை இழந்து டாட்டிஃபுக்குள் கலந்துவிட்டன. ஆகவே நமது மூன்றும் நான்கும் ஐந்தும் ஏழும் குடியிருக்கும் ஒரே வீடு டாட்டிஃப். மிட் டேம் ஆர்ட்ஸ்ட், மருத்துவரோடு. ஔஸ் டேம் ட்ஸிம்மர், அறையிலிருந்து. இம் ட்ஸிம்மர், அறையில். இந்த வரலாறு தெரிந்துவிட்டால் பட்டியல் வெறும் பட்டியலாக இருக்காது.

தமிழ் எல்லா இடத்திலும் கைகொடுக்கும் என்று நான் சொல்லவில்லை. தொல்காப்பியத்தில் ‘வேற்றுமை மயங்கியல்’ என்றே ஓர் இயல் உண்டு. ஒரு மொழிக்குள்ளேயே உருபுகள் ஒன்றின் இடத்தில் ஒன்று வந்து மயங்கும் என்றால், இரு மொழிகளுக்கு நடுவே மயங்காதா? ‘அவரிடம் கேட்டேன்’ என்பதற்கு ஜெர்மனில் அவரைக் கேட்க வேண்டும்: இஹ் ஃப்ராகெ ஈன். ‘உனக்குப் போன் பண்ணுகிறேன்’ என்கிறோம், அங்கே உன்னை அழைக்க வேண்டும். ‘எனக்கு ஒரு தம்பி இருக்கிறான்’, ‘எனக்குத் தெரியும்’, ‘எனக்கு வேண்டும்’ ஆகிய மூன்றுமே ஜெர்மனில் ‘நான்’ என்று எழுவாயில்தான் தொடங்கும். இவற்றை ஒரு தனிப் பக்கத்தில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். தமிழர் தடுமாறும் இடங்களுக்கென்று ஒரு பக்கம் எந்தப் பாடநூலிலும் அச்சாகி வராது, நீங்களேதான் தயாரிக்க வேண்டும்.

இன்னொரு மயக்கம் இடம் பற்றியது. இன், அன், ஔஃப், உன்டர் முதலிய ஒன்பது முன்னிடைச்சொற்கள் இரு வேற்றுமையும் ஏற்கும். ‘அறைக்குப் போகிறேன்’ என்பதில் ‘கு’ இருக்கிறதே என்று டாட்டிஃப் போட்டுவிடுகிறீர்கள். இங்கே யாருக்கு என்று கேட்காதீர்கள். வோ, அதாவது எங்கே இருக்கிறது என்று கேட்டால் டாட்டிஃப். வோஹின், அதாவது எங்கே போகிறது என்று கேட்டால் அக்குஸாட்டிஃப். “இஹ் கேஹெ இன்ஸ் ட்ஸிம்மர்”, அறைக்குள் போகிறேன். “இஹ் பின் இம் ட்ஸிம்மர்”, அறையில் இருக்கிறேன். நோயாளியைப் படுக்கையில் கிடத்துவது வோஹின், நோயாளி படுக்கையில் கிடப்பது வோ. தமிழில் இரண்டுக்கும் ‘படுக்கையில்’ என்றே சொல்கிறோம் என்பதால் இதற்குத் தனியாகப் பயிற்சி வேண்டும்.

கெனிட்டிஃபுக்காக இப்போது தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். பேச்சில் பல இடங்களில் ஃபொன் போட்டு டாட்டிஃபில் சொல்லிவிடுகிறார்கள். எழுத்துத் தேர்வு நெருங்கும்போது பார்த்துக்கொள்ளலாம்.

இனி பால். இங்கே நமது மொழி உதவாது. தமிழில் பால் பொருளைப் பார்த்து வருவது. உயர்திணைக்குள் ஆண், பெண், பலர். அஃறிணையில் ஒன்று, பல. ஜெர்மனில் மேசை ஆண்பால், விளக்கு பெண்பால், கட்டில் ஒன்றன்பால். சிறுமியைக் குறிக்கும் மேட்ஹென் என்ற சொல்லுக்கும் டஸ்தான். பொருளை வைத்து யோசித்தால் நியாயமே தெரியாது. அமெரிக்க எழுத்தாளர் மார்க் ட்வைன் 1880இல் வெளியிட்ட தம் பயண நூலின் பிற்சேர்க்கையில் இதைக் கிண்டல் செய்து எழுதினார். அன்றிலிருந்து ஆங்கில உலகம் அதே புலம்பலைத் திருப்பிச் சொல்லிவருகிறது. அந்தப் புலம்பலை நாமும் கடன் வாங்க வேண்டியதில்லை. பொருளை விட்டுவிட்டுச் சொல்லின் ஈற்றைப் பார்த்தால் பாலில் பெரும்பகுதி ஒழுங்காகத்தான் இருக்கிறது. மேட்ஹென் டஸ் எடுப்பது அது சிறுமை விகுதியான ‘ஹென்’னில் முடிவதால். அந்த விகுதி ஏற்ற எல்லாச் சொல்லுக்கும் டஸ்.

உங்கள் தொழிலுக்கு இந்த ஈற்று விதிகள் பெரிய வரம். வினையிலிருந்து பிறந்து ‘உங்’ என்று முடியும் பெயர்கள் பெண்பால். ப்ளூட்டுங் (இரத்தக்கசிவு), என்ட்சூண்டுங் (அழற்சி), ஷ்வெல்லுங் (வீக்கம்), ஃபெர்லெட்ஸுங் (காயம்), பெஹான்ட்லுங் (சிகிச்சை), உன்டர்ஸூகுங் (பரிசோதனை): எல்லாமே டீ. ‘ஹைட்’, ‘கைட்’ என்று முடிபவை டீ: க்ராங்க்ஹைட் என்றால் நோய், கெஸுண்ட்ஹைட் என்றால் உடல்நலம். இன்ஃபெக்ட்ஸியோன், ஓபராட்ஸியோன் போல ‘ட்ஸியோன்’ என்று முடிபவையும் டீ. ஹெபாட்டீட்டிஸ், ப்ரோன்ஹீட்டிஸ், ட்ரோம்போஸெ, அலெர்கீ, டெராபீ ஆகியவையும் டீ. கேஸ் ஷீட்டில் எழுதப்படும் நோய்ப்பெயர்களில் எத்தனை இதற்குள் அடங்கிவிடுகின்றன என்று எண்ணிப் பாருங்கள். வினையையே அப்படியே பெயராக்கினால் டஸ்: டஸ் ஆட்மென் சுவாசிப்பது, டஸ் எர்ப்ரெஹென் வாந்தியெடுப்பது. கிழமை, மாதம், பருவம் எல்லாம் டேர். கூட்டுச்சொல் எவ்வளவு நீண்டாலும் கடைசிச் சொல்லின் பாலே அதன் பால். இரத்தம் டஸ் ப்ளூட், அழுத்தம் டேர் ட்ருக், சேர்ந்தால் டேர் ப்ளூட்ட்ருக். அதை அளக்கும் கருவிக்குக் கடைசியில் கெரேட் வருவதால் டஸ் ப்ளூட்ட்ருக்மெஸ்கெரேட்.

‘எ’ என்று முடிவன பெரும்பாலும் டீ: நுரையீரல் லுங்கெ, சிறுநீரகம் நீரெ, மூக்கு நாஸெ. ஆனால் கண்ணுக்கு டஸ் ஔகெ. தலை டேர் கொப்ஃப், கை டீ ஹண்ட், கால் டஸ் பைன், வயிறு டேர் பௌஹ், இதயம் டஸ் ஹெர்ட்ஸ். உடலுறுப்புகளில் விதி தேடி நேரத்தை வீணாக்காதீர்கள். அவற்றை முன்சொல்லோடு சேர்த்து ஒரே சொல்லாக வாய்விட்டுச் சொல்லிச் சொல்லித்தான் பதிக்க வேண்டும். இதில் கவனக்குறைவு கூடாது. டேர் கீஃபர் என்றால் தாடை, டீ கீஃபர் என்றால் ஊசியிலை மரம்.

உங்கள் நோட்டுப் புத்தகங்களைப் பார்க்கும்போது எனக்கு வருத்தம் தருவது ஒன்றுதான். இடப்பக்கம் ஜெர்மன் பெயர், வலப்பக்கம் அதன் பொருள், முன்சொல் எங்கும் இல்லை. பால் தெரியாமல் வேற்றுமையை எவ்வளவு நன்றாகப் புரிந்துகொண்டாலும் பயனில்லை. யாருக்கு என்று சரியாகக் கேட்டுவிட்டீர்கள், டாட்டிஃப் என்றும் தெரிந்துவிட்டது. ஆனால் அந்தச் சொல் டீ என்று தெரியாவிட்டால் டேம் போடுவதா டேர் போடுவதா என்று நின்றுவிடுவீர்கள். டாட்டிஃபில் டேரும் டஸ்ஸும் டேம் ஆகும், டீ டேர் ஆகும். மிட் டேர் ஷ்வெஸ்டெர் என்று கேட்டதும், சகோதரிக்கு ஏன் ஆண்பால் என்று குழம்புகிறவர்கள் இந்த இடத்தில்தான் குழம்புகிறார்கள். அட்டவணையில் கட்டங்கள் பதினாறு என்றாலும் வடிவங்கள் ஆறுதான். ஒரே வடிவம் வேறு கட்டத்தில் வேறு வேலை பார்க்கிறது.

செவிலியர் ஒரு நாளைக்கு அதிகமுறை சொல்லப்போகும் சொல்லான பட்ஸியென்ட் தனிக் கவனம் வேண்டுவது. எழுவாயில் மட்டும் டேர் பட்ஸியென்ட். மற்ற மூன்று வேற்றுமையிலும் முன்சொல் மாறுவதோடு சொல்லின் வாலிலும் ‘என்’ சேரும். ஹெர், கொலேகெ, மென்ஷ் ஆகியவையும் இதே வகையில் ‘ன்’ அல்லது ‘என்’ ஏற்கும். ஓர் ஆண் நோயாளியின் பெயர் முல்லர் என்றால் அவர் ஹெர் முல்லர், ஆனால் அவருக்குக் கொடுக்கும்போது ஹெர்ன் முல்லர். ஷிஃப்ட் மாறும்போது சொல்லும் அறிக்கையில் இது நிச்சயம் வரும்.

ஜெர்மானியர்களுக்குள்ளேயே பாலில் கருத்து வேறுபாடு உண்டு. யோகுர்ட் எனும் தயிருக்கு ஊருக்கு ஊர் வேறு முன்சொல் கேட்கலாம். வைரஸைக் குறிக்கும் விருஸுக்கு மருத்துவ எழுத்தில் டஸ், பேச்சில் டேரும் வரும். ஆகவே பாலில் ஒரு பிழை செய்தால் அவர் காதுக்கு உறுத்துமே தவிர, நீங்கள் சொல்ல வந்தது பெரும்பாலும் புரிந்துவிடும். யாரை, யாருக்கு என்பதில் பிழை செய்தால் ஆள் மாறிப் புரியக்கூடும். பயப்படுவதாக இருந்தால் எதற்குப் பயப்பட வேண்டும் என்று இதிலிருந்து தெரிந்துகொள்ளுங்கள். டேரா டஸ்ஸா என்று தெரியாமல் வாய்மூடி நிற்பது மட்டும் வேண்டாம்.

ஜெர்மனுக்கும் தமிழுக்கும் நடுவே ஆங்கிலம் இல்லாமல் நடந்த ஒரு பழைய உறவு இருக்கிறது. சாக்சனியைச் சேர்ந்த பார்த்தலோமேயு சீகன்பால்க் 1706இல் தரங்கம்பாடியில் வந்து இறங்கினார். நம்மூர்ப் பிள்ளைகளோடு உட்கார்ந்து எழுத்துப் பழகினார் என்கிறார்கள். தமிழ்ப் பெயர்கள் எப்படி வேற்றுமை ஏற்கின்றன என்பதையெல்லாம் விளக்கி அவர் எழுதிய தமிழ் இலக்கணம் 1716இல் ஹாலே நகரில் லத்தீனில் அச்சானது. வேற்றுமை உள்ள மொழி பேசியவர் அவர், வேற்றுமை உள்ள மொழியைக் கற்றார். நீங்கள் இப்போது எதிர்த்திசையில் அதே வேலையைச் செய்கிறீர்கள்.

உங்களிடம் இரண்டு வேண்டுகோள். இன்றிரவே உங்கள் சொல் நோட்டைத் திறந்து, முன்சொல் இல்லாத ஒவ்வொரு பெயருக்கும் அகராதியைப் பார்த்து டேர், டீ, டஸ் எழுதுங்கள். நாளை வகுப்பில் இலக்கணம் ஆங்கிலத்தில் ஓடும்போது கை தூக்கி, “இது யாரையா, யாருக்கா?” என்று தமிழிலேயே கேளுங்கள். தயங்காமல் கேளுங்கள். பதில் சொல்ல வேண்டியது எங்களைப் போன்ற ஆசிரியர்களின் கடமை.

அன்புடன்,
உங்கள் ஜெர்மன் ஆசிரியர்களில் ஒருவர்